போர்க்களத்திலிருந்து வந்தது எது?

போர் நடக்காமல் இருந்திருந்தால் மருத்துவம் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது என்று ஒருவர் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ரத்த வங்கி, பென்சிலின், ஆம்புலன்ஸ், பிளாஸ்டிக் சர்ஜரி, மாவுக்கட்டு என்று சான்றுகளும் கைவசம் இருக்கும். சான்றுகளில் பெரிய பழுது இல்லை. மாவுக்கட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவரும், கிரிமியப் போரில் பணியாற்றிய ரஷ்ய அறுவை மருத்துவர் பிரகோவும்தான். பழுது இருப்பது, அந்தச் சான்றுகளிலிருந்து எடுக்கப்படும் முடிவில். ஒரு சிகிச்சை போர்க்காலத்தில் பரவியது என்பது ஒன்று; போர்தான் அதைக் கண்டுபிடித்தது என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் போருக்கு ஒரு நற்சான்றிதழ் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு சான்றையும் கையிலெடுத்து, போருக்கு முன்பே என்ன தெரிந்திருந்தது, போர் எதைச் சேர்த்தது, பிறகு அது சாதாரண மக்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு மிக அருகில் நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1971இல் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியதும், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவைச் சுற்றியிருந்த முகாம்களில் மட்டும் லட்சக்கணக்கானவர்கள் தங்கியிருந்தார்கள். அங்கே காலரா பரவியது. ஊர் மருத்துவமனையில் காலராவுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்துவந்த குழந்தைகள் நல மருத்துவர் திலீப் மகலனோபிஸ் ஜூன் மாதக் கடைசியில் அங்கே போனபோது, நோயாளிகள் தரை முழுக்கப் படுத்திருந்தார்கள். ஒருவருக்கு சலைன் ஏற்ற வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டுத்தான் செய்ய முடிந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருடைய குழுவில் நரம்பில் ஊசி போட்டு திரவம் ஏற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கையிருப்பில் இருந்த சலைன் பாட்டில்களும் இரண்டு வாரத்துக்குள் தீரும் நிலைக்கு வந்தன.

காலராக் கிருமி நேரடியாக ஆளைக் கொல்வதில்லை. அது கிளப்பிவிடும் வயிற்றுப்போக்கில் உடம்பின் தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான் கொல்கிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடும். வாய்வழியாக வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. அப்படியே வெளியே தள்ளுகிறது. நரம்பு வழியாக சலைன் ஏற்றுவதே உரிய சிகிச்சை என்று அன்றைய மருத்துவ உலகம் உறுதியாக நம்பியது.

அந்த நம்பிக்கையை அசைக்கும் அறிவியல் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே நுழையும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அதன் பின்னால் தண்ணீரும் போகிறது என்று ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் விளக்கியிருந்தார். காலரா வந்த குடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஒருவர் வாய்வழிக் கரைசலைச் சோதித்தபோது சில நோயாளிகள் இறந்துபோனதால் எல்லோரும் பின்வாங்கினார்கள். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள், வெளியேறும் திரவத்தை அளந்து அதே அளவுக்குக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் சலைன் தேவை 80 சதவீதம் குறைகிறது என்று காட்டினார்கள். பன்காவில் மகலனோபிஸ் கால்வைப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பதில் அச்சில் வந்துவிட்டது. ஆனால் அது மருத்துவமனைக்குள், பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் கிடைத்த பதில். இதைப் போய் ஒரு தாயின் கையில் கொடுப்பதா என்ற தயக்கம் போகவில்லை.

பன்காவில் தயங்குவதற்கு நேரமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடாமாவு என்று கல்கத்தாவில் எடைபோட்டு, பாலித்தீன் பைகளில் அடைத்து, முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிச் சிகிச்சை நடந்தது. நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

இங்கே போர் செய்தது என்ன? கண்டுபிடிப்பு அதனுடையது கிடையாது. சலைன் பாட்டிலை இல்லாமல் ஆக்கியது, அவ்வளவுதான். பாட்டில் கையில் இருக்கும்வரை எந்த மருத்துவரும் உப்பும் சர்க்கரையும் போதும் என்று துணிந்திருக்க மாட்டார். பாட்டில் தீர்ந்தபோது, அறிந்துவைத்திருந்ததைச் செய்து பார்க்கும் துணிச்சல் ஒருவருக்கு வந்தது. செய்ததை எண்ணி எழுதிவைக்கும் ஒழுங்கும் அவரிடம் இருந்தது. அப்போதும் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. நேரில் வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் தீமான் பருவா விடாமல் எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்தார். 1978இல் லான்செட் இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று எழுதியது. இன்று எந்த மருந்துக்கடையிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கிறது. (வயிற்றால் போகும் பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்த நம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பழக்கம் அவ்வளவு அசட்டுத்தனமானது இல்லை. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. அரிசிக் கரைசலைக் காலராவில் பின்னர் முறைப்படி சோதித்தும் பார்த்தார்கள். அளவு தெரியாமல் கொடுத்ததுதான் அதிலிருந்த குறை.)

பன்காவின் நோயாளிகள் சிப்பாய்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போர்க்கால மருத்துவம் என்றதும் சீருடைக்காரர்களே நினைவுக்கு வருகிறார்கள். போரில் அதிகம் பேர் இறப்பது குண்டால் என்றும் நினைத்துக்கொள்கிறோம். 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் அது உண்மையில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய்.

கிரிமியப் போரிலும் அதே கதைதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு 1854 நவம்பரில் இஸ்தான்புல்லை ஒட்டிய ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். கையில் விளக்கோடு அவர் வந்ததும் சாவு குறைந்தது என்பதுதான் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது. நடந்தது வேறு. அவர் போன முதல் குளிர்காலத்தில் அங்கே நாலாயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் இறந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகே சாவு சரசரவென்று இறங்கியது. உணவும் துணியும் போதாததால்தான் இறக்கிறார்கள் என்று நைட்டிங்கேல் அங்கே இருந்த காலமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. 1858இல் அவர் வெளியிட்ட விசிறி வடிவ வரைபடங்களில், தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவுகளைக் காட்டும் நீலப் பகுதி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. அவரை மருத்துவ வரலாற்றில் நிறுத்தியிருக்க வேண்டியது விளக்கைவிட அந்தப் பதிவேடு. ராணுவம் ஒவ்வொரு தலையையும் எண்ணி வைத்திருந்தது. இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இதனால் இறந்தார்கள் என்ற கணக்கு அன்றைய ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் இல்லை.

அந்தக் கணக்கு நம் ஊர்வரைக்கும் வந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடல்நலத்தைப் பற்றி 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர் நைட்டிங்கேல். அதன் விளைவாக 1864இல் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பட்டாளத்துச் சிப்பாய் சாகாமல் இருப்பதே முதல் நோக்கம். பட்டாளத்துக்கு வெளியே இருந்தவர்கள் பிறகுதான் கணக்கில் சேர்ந்தார்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரியின் கதையில் இந்தியாவுக்கு இன்னும் நேரடியான பங்கு உண்டு. 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் கம்பெனிப் படையோடு மாட்டுவண்டி ஓட்டிவந்த கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கு அறுபட்டார். பூனா அருகே செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கும்படி அறுத்துத் திருப்பி, புது மூக்கு வைத்துவிட்டார். ஆங்கிலேய மருத்துவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அது வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதேபோல் செய்து காட்டினார். கைத்திறன் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தது. போர் அதை ஆங்கிலேயர் கண்ணில் காட்டியது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளிலிருந்து எட்டிப்பார்த்தவர்களின் முகங்கள் சிதைந்தபோது, சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லீஸ் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகள் நடக்கும்படி செய்தார். எடுத்த தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்து, அதன் ரத்த ஓட்டமும் கெடாமல், புண்ணிலும் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் முறை அங்கே உருப்பெற்றது. ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தாலும் அமைதிக்காலத்தில் அத்தனை முகங்களைப் பார்த்திருக்க முடியாது. போர் கொண்டுவந்தது எண்ணிக்கை. கொடூரமான பதில்தான், ஆனாலும் அதுதான் உண்மை.

ரத்தத்தின் கதை இதைவிட அறிவூட்டுவது. போர் கற்றுத்தந்ததை அமைதி எப்படி மறந்துபோகும் என்பதை அது காட்டுகிறது. ரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டைனர் 1901இல் கண்டுபிடித்துவிட்டார். சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்பது 1914-15இல் தெரிந்தது. குளுக்கோஸும் சேர்த்துக் குளிரில் வைத்தால் பல நாள் கெடாது என்று நியூயார்க்கில் ரூஸும் டர்னரும் 1916இல் காட்டினார்கள். 1917 நவம்பரில் கேம்பிரை போரின்போது அமெரிக்க மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் இவை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தார். ஓ பிரிவு ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து, பாட்டிலில் அடைத்து, காலி வெடிமருந்துப் பெட்டிக்குள் மரத்தூளும் பனிக்கட்டியும் போட்டுப் போர்முனைக்குக் கொண்டுபோனார். எடுக்கும் இடம் வேறு, ஏற்றும் இடம் வேறு என்ற ஏற்பாடு அங்கே தொடங்கியது.

போர் முடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊர் மருத்துவமனைகளில் ரத்தம் கொடுப்பவரை ஆள் அனுப்பிக் கூட்டிவந்து, எடுத்த கையோடு ஏற்றும் பழைய வழக்கமே நீடித்தது. மருத்துவர்களின் சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே இரவில் ஐம்பது பேருக்கு ரத்தம் தேவைப்படாத ஊரில் சேமித்து வைக்கும் அவசியம் எழவில்லை. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் ரத்த வங்கி தொடங்க 1937 ஆயிற்று. கேம்பிரைக்கும் அதற்கும் நடுவில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் பிரசவத்தில் ரத்தம் போய் இறந்த பெண்களுக்குப் போரின் பாடம் எந்த வகையிலும் பயன்படவில்லை. அடுத்த போர் வந்தபோது, ஜேனட் வான் தலைமை தாங்கிய டிப்போ உள்பட லண்டனைச் சுற்றி நான்கு ரத்த டிப்போக்கள் ஏற்பட்டன. ரத்தம் பால் பாட்டிலில் அடைபட்டு, ஐஸ்கிரீம் வண்டிகளில் போனது. இம்முறை பொதுமக்களும் குண்டுக்கு ஆளானதால் டிப்போ ஊருக்குள்ளேயே இருந்தது. போர் முடிந்தும் கலையவில்லை.

போர்க்களத்தில் பழகிய முறை எப்போது நிலைக்கிறது என்பதை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். அதைச் சுமந்து செல்ல ஓர் ஏற்பாடும், அதற்குப் பணம் போட ஒருவரும் தேவை. ஆம்புலன்ஸ் இதற்கு இன்னொரு சாட்சி. காயம்பட்டவர்களைப் போர் ஓயும்வரை கிடக்கவிடாமல், இலகுவான குதிரை வண்டிகளை அனுப்பி நடுவிலேயே எடுத்துவரும் முறையை நெப்போலியனின் மருத்துவர் லாரே 1792இல் தொடங்கினார். தளபதியா, சிப்பாயா, எதிரியா என்று பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை செய்வது அவருடைய விதி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பதன் பூர்வீகம் அதுதான். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: எல்லாப் படைகளும் எல்லாக் காலத்திலும் லாரேயின் விதியைக் கடைப்பிடிக்கவில்லை. சீக்கிரம் தேறி மறுபடி துப்பாக்கி ஏந்தக்கூடியவருக்கு முன்னுரிமை என்பதும் ராணுவ மருத்துவத்தில் ஒரு கணக்குதான். நம் மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டது அந்த இரண்டில் ஒன்றை.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை ஒன்று வெளிவந்தது. பலத்த காயம் பட்டால் நகரத் தெருவைவிடப் போர்முனையில் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று, இரண்டையும் பார்த்த வல்லுநர்கள் சொல்வதாக அது எழுதியது. அந்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை அப்போது நடத்திவந்தவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழில்காரர்கள். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தானே இருந்தது! அந்த அறிக்கைக்குப் பிறகுதான் அங்கே பயிற்சி பெற்ற ஆட்களோடு கூடிய அவசர ஊர்தி முறை உருவானது. நம் மாநிலத்தில் 108 ஓடத் தொடங்கியது 2008இல்.

இப்போது பென்சிலின். பூஞ்சையை ஃபிளெமிங் பார்த்தது 1928இல், அமைதிக்காலத்தில். அதை மருந்தாக்கப் பாடுபட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர். பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லாமல் படுக்கை நோயாளிகளுக்கு வைக்கும் மலத்தட்டுகளில்கூட வளர்த்தார்கள். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குச் சிகிச்சையாக முதன்முதலாகக் கொடுத்தார்கள், தேறினார். மருந்து போதவில்லை. அவர் சிறுநீரிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே செலுத்திப் பார்த்தும் அது தீர்ந்துபோய், மார்ச் நடுவில் இறந்தார். பிரச்சினை இனி அறிவியலில் இல்லை, உற்பத்தியில் இருந்தது. அமெரிக்காவின் பியோரியாவில் இருந்த அரசு வேளாண் ஆய்வுக்கூடம், சோளமாவு ஆலையின் கழிவு நீரில் வளர்த்தால் பூஞ்சை பல மடங்கு பென்சிலின் சுரக்கிறது என்று கண்டது. போர் நிர்வாகம் போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது. எவ்வளவு செய்தாலும் வாங்கிக்கொள்வதாக உறுதி கொடுத்தது. 1944இல் ராட்சதத் தொட்டிகளில் உற்பத்தி நடந்தது. 1943இல் ஒரு லட்சம் அலகுக்கு 20 டாலராக இருந்த விலை 1946க்குள் ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. பத்தாண்டுகளுக்குள் புனே அருகே பிம்பிரியில் அரசின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. இதில் போரின் பங்கு பெரியது, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பங்கின் பெயர் அரசுப் பணம், ஒருங்கிணைப்பு, கொள்முதல் உறுதி. இவற்றில் எதற்கும் துப்பாக்கிச் சூடு நிபந்தனை கிடையாது. சண்டை வந்தால்தான் கஜானா திறக்கும் என்பது அரசுகளின் குணம். மருத்துவத்தின் விதி அப்படி இல்லை.

போர் மருத்துவத்தைத் தள்ளிவிட்ட கதைகளைச் சொல்பவர்கள், அது இழுத்துப்பிடித்த கதைகளை விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்க்கான கீமோதெரபி, மஸ்டர்டு என்ற போர்க்கள விஷவாயுவிலிருந்து பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். இத்தாலியின் பாரி துறைமுகத்தில் 1943 டிசம்பர் 2 அன்று நடந்த குண்டுவீச்சை அதன் பிறப்பிடமாகக் காட்டுகிறார்கள். தேதிகளைப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரியும். யேல் பல்கலைக்கழகத்தில் குட்மேனும் கில்மேனும் நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது 1942 ஆகஸ்டில், பாரிக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால். முதல் உலகப்போரில் இந்த வாயு பட்டவர்களின் வெள்ளணுக்கள் குறைந்ததை 1919இலேயே ஒருவர் எழுதிவிட்டார். தொடர்ந்து போனவர்கள்தான் அதிகம் இல்லை.

பாரியில் உண்மையில் நடந்தது இது. ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் மஸ்டர்டு குண்டுகள் ரகசியமாக இருந்தன. கப்பல் வெடித்து, எண்ணெயோடு கலந்த விஷம் கடலில் பரவியது. நீந்திக் கரையேறியவர்களை மருத்துவமனையில், குளிரில் விறைத்தவர்கள் என்று நினைத்து, நனைந்த உடையோடே கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். உடையைக் கழற்றிக் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அது மஸ்டர்டு என்று மருத்துவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 628 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 83 பேர் இறந்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்த ராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டரின் அறிக்கையும் ரகசியமாக்கப்பட்டது. யேல் ஆய்வும் 1946 வரை அச்சேறவில்லை. அதே காலத்தை ஒட்டி, ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை மஸ்டர்டு வாயுச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தோல் வெந்தது.

சம்மதம் என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. நாஜி முகாம்களில் கைதிகள்மேல் சோதனை நடத்திய மருத்துவர்களை நியூரம்பர்க்கில் விசாரித்து 1947 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, மனிதர்மேல் நடக்கும் ஆராய்ச்சிக்குப் பத்து விதிகள் வகுக்கப்பட்டன. முதல் விதி, சோதனைக்கு உட்படுபவரின் சுயமான சம்மதம். இன்று புது மருந்துச் சோதனையில் சேருபவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்குவதன் வேர் அது. (அறுவை சிகிச்சைக்கு முன் வாங்கும் கையெழுத்துக்குத் தனிச் சட்ட வரலாறு உண்டு, இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.) ஆனால் இதுவும் போர் தந்த அறிவா என்றால், இல்லை. ஜெர்மனியிலேயே 1931இல் சம்மதத்தைக் கட்டாயமாக்கிய அரசு வழிகாட்டுதல் இருந்தது. இருந்தும் அத்தனையும் நடந்தது. நியூரம்பர்க்கில் நீதி வழங்கிய நாட்டிலும் அந்த விதி உடனே பரவவில்லை. அலபாமாவின் டஸ்கீகீயில் சிபிலிஸ் நோயோடு இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் கொடுக்காமல், நோய் என்ன செய்கிறது என்று அரசுச் சுகாதாரத் துறை 1972 வரை வேடிக்கை பார்த்தது.

போரின் மருத்துவக் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. 1918இன் இன்ஃபுளுயன்சா படைகளோடும் துருப்புக் கப்பல்களோடும் பயணம் செய்தது; இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவரையும் அவருக்கு மருத்துவம் பார்ப்பவரையும் தாக்கக் கூடாது என்று 1864இல் ஜெனீவாவில் நாடுகள் கையெழுத்திட்டன. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கைப் போரின்போது வன்னியின் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது, உள்ளே நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருக்கும்போதே, திரும்பத் திரும்ப எறிகணைகள் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கமே பதிவுசெய்தது. அங்கே இறந்தவர்களும் இந்தக் கணக்கில்தான் வர வேண்டும்.

எதிர்த்திசையில் நடந்த பயணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைப் பல மருத்துவர்கள் சமீபத்திய போர்களின் கொடை என்று நினைக்கிறார்கள். ஆஃப்கானிஸ்தானில் காயமடைந்த படைவீரர்களுக்கு அது உதவியது உண்மைதான். உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுத்து, ரத்தப்போக்கை அது மட்டுப்படுத்துகிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும், வெளியிட்டது 1962இல். உட்டாகோவின் மனதில் இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் இறக்கும் தாய்மார்கள். மகப்பேறு மருத்துவர்களை இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அவரால் இணங்கவைக்க முடியவில்லை. மருந்து பல் பிடுங்குவதற்கும் மாதவிடாய்ப் பெரும்போக்குக்கும் பயன்பட்டுக்கொண்டு கிடந்தது. 40 நாடுகளில் விபத்திலும் வன்முறையிலும் காயமடைந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களிடம் நடந்த சோதனை, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்று 2010இல் காட்டியது. அதன் பிறகே மருந்து படைகளின் பொதுப் பழக்கமானது. பிரசவ ரத்தப்போக்குக்கு அதே அளவில் இன்னொரு சோதனை நடந்து முடிவு வந்தது 2017இல். சீக்கிரம் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் அதைப் பரிந்துரைத்தது. உட்டாகோ ஒகமோட்டோ அதற்கு முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். எந்த நோயாளிக்காக அந்த மருந்தைத் தேடினாரோ, அந்த நோயாளியைச் சான்றோடு அது போய்ச் சேர 55 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் படைமுகாம் அவளை முந்திக்கொண்டுவிட்டது.